மேலே ஏறினால் வில்லை

அத்தியாயம் 19

"நான் வரலை. கூரையப் பிரிக்கணும்னா பிரிச்சுக்கச் சொல்லு. ஆகாயத்தப் பாத்துக்கிட்டுக் கிடந்துட்டுப் போறேன்."

கண்டக்டர் அன்று காலையில் பேசிய முதல் பேச்சு அது. அதற்கு முன்னாலேயே அவன் பெண்டாட்டி சின்னவள் அவனுக்குப் பல் துலக்கி, உடம்பு துடைத்து, முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டு, மறுபடி மல்லாத்திப் படுக்க வைத்திருந்தாள். அந்த வேலைகள் நடக்கும்போது அவன் வாயைத் திறப்பதில்லை. மூட்டையைப் புரட்டும்போது மூட்டை பேசுமா என்பது அவன் கட்சி.

"மழை வருதுங்க," என்றாள் சின்னவள்.

"வரட்டும். நனைஞ்சா பாதி உடம்புக்குத்தானே தெரியப் போகுது."

சின்னவள் மருந்துக் கிண்ணத்தைக் கழுவ எழுந்து போனாள்.

அவன் கண்டக்டராக இருந்தது பழைய கதை. அவனுடைய பஸ் ஓடிக்கொண்டிருந்த தடத்தை மூடிவிட்டார்கள். வேலை போயிற்று. பட்டப்பேர் மட்டும் போகமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டது. வீட்டில் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவனைக் கூரை வேலைக்கு இழுத்துப் போனவர் சின்னவளின் அண்ணன். அவரைப் பூனை மேஸ்திரி என்றால்தான் தெரியும். ஓட்டுக் கூரைமேல் நடந்தால் கீழே படுத்திருப்பவருக்குத் தூக்கம் கலையாது. அப்படி ஒரு கால்.

ஒரு பழைய கிடங்கில் ஓடு மாற்றப் போன அன்றைக்கு உத்தரம் முறிந்தது. மேலே நின்றிருந்த பூனை சுவரைப் பிடித்துத் தொங்கித் தப்பித்துக்கொண்டார். கீழே இருந்த கண்டக்டரின் முதுகில் உத்தரம் விழுந்தது. இடுப்புக்குக் கீழே இனிமேல் எதையும் எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

முறிந்த அந்த நொடிக்கு இந்தக் குடும்பத்தில் இரண்டு கதைகள் உண்டு.

அண்ணன் சொல்வது ஒன்று. "உத்தரம் சாயுது. என் ஒரு கால் கூரைக்குள்ள போயிடுச்சு. கீழ பாக்குறேன், ஒரே தூசி. மாப்ள ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு உள்ள ஓடி வர்றாரு. அவனவன் வெளிய ஓடுவான். இவரு என்னைத் தாங்கிப் பிடிக்க உள்ள வர்றாரு!" இதைக் கேட்காத ஆள் அந்தத் தெருவில் பாக்கி இல்லை. டீக்கடை, சலூன், வண்டி ஸ்டாண்டு எல்லா இடத்திலும் சொல்லியாகிவிட்டது. முன்பெல்லாம் தங்கை புருஷனை 'டேய்' என்று கூப்பிட்டவர், அன்றிலிருந்து 'நீங்க' என்றுதான் கூப்பிடுகிறார்.

கண்டக்டர் சொல்வது இன்னொன்று. அதை அவன் சின்னவளிடம் மட்டும், ஒரே ஒரு தடவை சொன்னான்.

"கூப்பிட்டாரு. போனேன்."

அதற்குமேல் அவன் சொல்லவில்லை. அவளும் கிளறவில்லை. உத்தரம் முறிகிற நேரத்தில் ஒரு மனுஷனை உள்ளே கூப்பிட்டவன் தன் கூடப்பிறந்தவன் என்பதை விழுங்கிக்கொண்டாள். இவன் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. அவர் சொல்வதை இவனிடம் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் ஆமாம் போட்டுக்கொண்டு நாளை ஓட்டினாள்.

இப்போது வந்திருக்கும் தலைவலி வேறு. போன வாரம் அண்ணன் இந்த வீட்டுக் கூரையையும் ஏறிப் பார்த்தார். முகட்டு உத்தரத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். ஊறின ரொட்டியில் இறங்குவதுபோல் இறங்கியது. உள்ளே முழுக்கக் கரையான். மழை நின்று பெய்தால் ஓடு தண்ணீரைக் குடித்துப் பாரம் ஏறும், உத்தரம் தாங்காது என்று சொல்லிவிட்டார். கூரையை முழுசாகப் பிரித்தாக வேண்டும். அதுவரை அண்ணன் வீட்டு முன்னறையில் போய் இருக்க வேண்டும்.

கண்டக்டர் வர மாட்டேன் என்கிறான். என்னை முடமாக்கினவன் வீட்டில் எனக்குச் சோறு இறங்காது என்று அவன் சொல்லவில்லை. சொல்லாமலே அதைத்தான் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

*

வாசலில் வேன் வந்து நின்றது. அண்ணன் ஏணியோடு இறங்கினார். கூடவே வேன்காரரும் இறங்கினார். வேனின் கதவே அவருக்குச் சின்னது என்று தோன்றும் உடம்பு.

"என்ன சொல்றாரு மாப்ள?" அண்ணன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அதேதான்."

"நீ சரியா பேசலை."

"நீ வந்து பேசிப் பாரு. வாயா அது, பூட்டு."

அண்ணன் வானத்தைப் பார்த்தார். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. "இங்க பாரு சின்னவளே. அடுப்படிச் சார்ப்புலேர்ந்து ஆரம்பிக்கிறேன். அங்கேர்ந்து சுவர் ஓரமாவே பிரிச்சுக்கிட்டு வருவேன். நடுவுல கால் வைக்க மாட்டேன், உத்தரம் இருக்கிற லட்சணத்துக்கு நடுவுல ஒரு காக்கா உக்காந்தாக்கூட ஆபத்து. நடு ரூமுக்கு வர்றதுக்குள்ள அவரு வெளிய வந்தாகணும். மேல தட்டுற தட்டுக்கு அது எப்ப என்ன பண்ணும்னு எனக்கே தெரியாது."

"தூக்கிட்டுப் போயிட வேண்டியதுதானே?"

"அவர வம்பாத் தூக்கச் சொல்றியா? என்னால முடியாது. என் உசிரு அவரு குடுத்தது." அண்ணன் ஏணியைத் தோள் மாற்றிக்கொண்டார். "அவரா வர்றேன்னு சொல்லணும்."

சின்னவளின் போன் அடித்தது. அண்ணி.

"என்னடி, கிளம்பியாச்சா? ஜன்னல் பக்கமாக் கட்டிலப் போட்டுட்டேன். எதிர்வீட்டம்மாகிட்டயும் சொல்லிட்டேன், எங்க வீட்டுக்காரர் உசிரக் காப்பாத்தினவரு வர்றாருன்னு."

"சரிங்கண்ணி."

"வேற யாருக்காவதுன்னா அந்த ரூமத் தொறந்திருப்பேனா, நீயே சொல்லு. போன வருஷம் என் சொந்தத் தம்பி வந்து நின்னான். சத்திரமா நடத்துறேன்னு கேட்டுத் திருப்பி அனுப்பினேன். உனக்குத் தெரியாததா?"

சின்னவளுக்குத் தெரியும். அண்ணி நல்லவள்தான், ஆனால் அவளுடைய நல்ல மனசுக்கு ஒரு கதவு, ஒரு சாவி. கண்டக்டர் கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த கதைதான் அந்தச் சாவி. அந்தச் சாவி இல்லையென்றால் போய்ப் படுக்க வேறு இடமே கிடையாது. பார்க்கிற வரை பார்த்தாகிவிட்டது. படுத்த படுக்கையான ஆளுக்கு யாரும் வாடகைக்கு அறை தருவதில்லை.

*

அடுப்படிப் பக்கம் ஏணி சாய்க்கிற சத்தம் கேட்டது. சின்னவள் உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஏறிட்டாரா?" என்றான் கண்டக்டர்.

"ஏறிட்டாரு."

"பிரிக்கப் போற சாமானோட பேரையாவது சொல்லு. இத்தனை மாசமா மூஞ்சிக்கு நேரா நிக்குதுங்க. ஒருத்தரோடவும் அறிமுகம் ஆகலை."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கிண்டலா, நிஜமா தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் பேச்சு. பேச்சு வந்தால் சம்மதமும் வரலாம்.

"எது வேணும்?"

"நேர் மேல, சுவத்துக்குச் சுவர் குறுக்க போறது யாரு?"

"முகட்டு உத்தரம். மொத்தப் பாரமும் அவருமேலதான்."

"டிரைவர். சரி. ரெண்டு பக்கமும் சரிஞ்சு எறங்குதே?"

"கைமரம்."

"டிரைவரப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குதுங்க. ஃபுட்போர்டு கும்பல். அதுக்கு மேல பட்டை பட்டையா?"

"ரீப்பர். ஓட்டோட மூக்கு அதுலதான் மாட்டி நிக்கும்."

"ஓட்டுக்கு மூக்கு வேறயா? கொடுத்து வச்ச ஓடு." அவன் கண்ணை உருட்டி மூலையைக் காட்டினான். "அங்க ஏன் எப்பப் பாத்தாலும் ஒழுகுது?"

"அது கூடுவாய். முன்ரூம் சரிவும் இந்த ரூம் சரிவும் வந்து சேர்ற எடம். ரெண்டு பக்கத்துத் தண்ணியும் அங்கதான் வரும். வாட்டம் சரியில்லைன்னா தண்ணி அங்கயே தேங்கிடும். எந்தக் கூரையிலயும் முதல்ல கெடுறது கூடுவாய்தான்."

"ரெண்டு பக்கமும் வந்து சேர்ற எடம் முதல்ல கெட்டுப் போகும்." அவன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "இருக்கும்."

சின்னவள் போர்வையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாட்டம்னா என்ன? எனக்கு இருக்கே, அதுவா?"

"அய்யோ. தண்ணி ஓடுறதுக்கு விடுற சரிவுங்க."

"நல்ல பாஷைடி உங்க வீட்டுப் பாஷை. சரி, உங்க அண்ணன் வீட்டுல மேல என்ன இருக்கு?"

"தளம். கான்கிரீட்."

"அதுல என்னென்ன இருக்கு?"

"ஒண்ணும் இருக்காது. வெள்ளை அடிச்சிருக்கும். நடுவுல ஃபேன்."

"பாத்தியா? இதுக்குத்தான் வரலைங்கிறேன். இங்கன்னா ஒரு பஸ் நிறைய ஆளு."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவன் பல் தெரிந்தது. சின்னவளும் சிரித்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் பேசினால் வழிக்கு வந்துவிடுவான் என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கு முழுசாக ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

அடுப்படிக் கூரையிலிருந்து அண்ணனின் குரல் கேட்டது.

"வில்லை வருது, பிடிங்க!"

"என்ன வருது?" கீழேயிருந்து வேன்காரர்.

"வில்லை, வில்லை."

"எனக்குச் சர்க்கரைக்குப் போடுற வில்லைதான் தெரியும் மேஸ்திரி. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"யோவ், ஓட்டத்தான்யா சொல்றேன்."

"அப்ப ஓடுன்னே சொல்லித் தொலைக்கிறது?"

"சொல்ல மாட்டோம்." அண்ணனின் குரல் கனத்தது. "நல்லாக் கேட்டுக்குங்க. கீழ நிக்கும்போது அது ஓடு. மேல ஏறிட்டா வில்லை. மேலேர்ந்து நான் 'ஓடு'ன்னு சொன்னா அதுக்கு ஒரே அர்த்தம்தான். கையில இருக்கிறதப் போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம ஓடிப் போயிடணும். எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். புரியுதா?"

"புரியுது, புரியுது. எனக்கெங்க ஓட வருது, உருள வேணா உருளுறேன்."

வேன்காரர் சிரித்தார். மேலே ஓடு கழல்கிற சத்தம் தொடர்ந்தது.

கண்டக்டர் சிரிக்கவில்லை.

சின்னவள் அவன் பக்கம் திரும்பினாள். அவன் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் இமைக்கவில்லை.

"நெசமா?" என்றான்.

"என்ன?"

"இப்ப அவரு சொன்னது."

"ஆமா. எங்க வீட்டுல நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும். ஏன்?"

அவன் பஸ்ஸில் நிறுத்தத்தின் பேரைச் சொல்கிற மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாமல் பேசினான்.

"அந்தக் கிடங்குக்கு முன்னால எல்லாம் தகர வேலைதான். ஓட்டு வேலை எனக்கு அதுதான் முதல். காலைலேர்ந்து அவரு உடைஞ்சதக் கழட்டிப் போட்டுக்கிட்டே இருந்தாரு. நான் புது ஓட்டயெல்லாம் துடைச்சு அடுக்கி வச்சுட்டு நின்னேன். எப்பக் கேப்பாரு, எப்பக் கேப்பாருன்னு நின்னேன். கேக்கவே இல்லை. வேலைக்கு வந்தவன் சும்மா நிக்கிறானேன்னு நினைப்பாரேன்னு எனக்கு ஒரே கூச்சம். அப்ப மேலேர்ந்து, 'ஓடு, ஓடு'ன்னாரு."

சின்னவள் கட்டிலை விட்டு எழுந்துவிட்டாள்.

"ரெண்டு கையிலயும் தூக்கிக்கிட்டு உள்ள போனேன்."

*

கூப்பிட்டாரு, போனேன். அந்தச் சின்னப் பேச்சை எத்தனை ராத்திரி அவள் மென்று பார்த்திருக்கிறாள்! எதற்குக் கூப்பிட்டார் என்று ஒரு தடவை கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அவளைத் தவிர வேறு யாருக்கும் அது புரிந்திருக்காது. கூரைக்காரன் வீட்டில் பிறந்து கண்டக்டர் வீட்டுக்கு வந்தவள் அவள் ஒருத்திதான்.

"உங்க அண்ணன் எங்கிட்ட சொல்லலை," என்றான் அவன்.

"நான் சொல்லியிருப்பேன்னு நினைச்சிருப்பான்."

"நீயும் சொல்லலை."

"அவன் சொல்லியிருப்பான்னு நினைச்சேன்."

"ம்."

அந்த ஒரு 'ம்'முக்கு அவன் அவளை நாலு அறை அறைந்திருந்தால் தேவலை. கை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. அறையவில்லை.

"இத்தனை நாளா ஒருத்தன் இருந்தான்," என்றான் கண்டக்டர். "காலைல கண்ணு முழிச்சா அவனத் திட்டுவேன். சாயங்காலம் வரைக்கும் அவனத் திட்டினா பொழுது போயிடும். வலிச்சா அவன். ஈ மூக்குல உக்காந்தா அவன். இப்ப அவனும் இல்லை."

"என்னத் திட்டுங்க."

"உன்னத் திட்டிட்டு யாருகிட்ட தண்ணி கேக்குறது?"

மேலே சத்தம் நெருங்கி வந்தது. அடுப்படி முடிந்து சுவர் ஓரமாக அண்ணன் இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறார். ரீப்பர் இடுக்கிலிருந்து பழைய தூசி உதிர்ந்து கண்டக்டரின் நெற்றியில் விழுந்தது. சின்னவள் முந்தானையால் துடைத்தாள்.

"தூக்கிட்டுப் போகச் சொல்லு," என்றான்.

"என்ன?"

"வர்றேன். இனிமே வரமாட்டேன்னு சொல்ல எங்கிட்ட என்ன இருக்கு?"

ஒரு வாரமாகக் கேட்கக் காத்திருந்த பேச்சு. கேட்டபோது சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. அவள் குனிந்து அவன் காதருகே பேசினாள்.

"ஒண்ணு கேளுங்க. அண்ணன் வேற மாதிரி நினைச்சுக்கிட்டிருக்கான். நீங்க கையத் தூக்கிட்டு வந்தது அவனப் பிடிக்கிறதுக்குன்னு நினைச்சுக்கிட்டிருக்கான். ஊரு பூரா அதான் சொல்லியிருக்கான். அண்ணி நமக்கு ரூம் குடுக்கிறதும் அதுக்காகத்தான்."

கண்டக்டர் உத்தரத்திலிருந்து கண்ணை எடுத்தான்.

"அதான் 'நீங்க, நாங்க'ன்னு பேசுறாரா?"

"ஆமா."

"நான் காலு போனதுக்கு மரியாதை குடுக்கிறாருன்னு நினைச்சேன்."

"வாயத் திறந்துடாதீங்க. கையெடுத்துக் கும்பிடுறேன். நமக்கு வேற எடம் கிடையாது."

"நான் என்னத்தச் சொல்லப் போறேன்?"

*

தங்கை வந்து சொன்னதும் அண்ணன் ஏணியில் பாதி வரை இறங்கி மீதியைக் குதித்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். முகத்தில் ஓட்டுத் தூசி, அதற்குள் சிரிப்பு.

"எனக்குத் தெரியும் மாப்ள. என் பேச்சத் தட்ட மாட்டீங்கன்னு தெரியும்."

குனிந்து ஒரு கையை முதுகுக்கும் ஒரு கையை முழங்காலுக்கும் கொடுத்து அலுங்காமல் தூக்கினார். கண்டக்டரின் கால்கள் துணி காயப்போட்ட மாதிரி தொங்கின. சின்னவள் தலையணையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

"என் வீட்டுக்காரி தடபுடல் பண்ணிட்டா. ஜன்னலோரம்! தெருவே தெரியும். காத்து பிச்சுக்கிட்டுப் போகும். இனிமே உங்களுக்கு ஒரு குறை வச்சேன்னா என்னை ஏன்னு கேளுங்க."

கண்டக்டர் தலையைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நான் யாருகிட்டயும் எதுவும் வாங்கினவன் இல்லை மாப்ள. எங்கப்பன்கூட என்னை அடிக்கத்தான் கையத் தூக்குவாரு. எனக்காக ஒருத்தன் கையத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தான்னா அது நீங்கதான். ராத்திரி படுத்தா அந்தக் கை ரெண்டும் கண்ணுல நிக்கும். இப்படி ஒருத்தன் நமக்கு இருக்கானேன்னு..."

அவர்கள் நிலைப்படியைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான்," என்றான் கண்டக்டர்.

சின்னவள் பின்னாலிருந்து, "ஏங்க!" என்றாள். குரல் கிரீச்சிட்டது.

"சொல்லுங்க மாப்ள."

"நான் உங்களப் பிடிக்க வரலை. நீங்க ஓடு கேக்கிறீங்கன்னு நினைச்சேன். ஓட்டத் தூக்கிட்டு வந்தேன்."

அண்ணன் நிற்கவில்லை. அதே நடையில் வாசலுக்குப் போனார். வேனின் பின்பக்கம் விரித்திருந்த மெத்தையில் அவனை இறக்கினார். காலை நேராக்கினார். தலையணையை வாங்கி வைத்தார். போர்வையை இழுத்துவிட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் கேட்டார்.

"வில்லைன்னு யாருமே உனக்குச் சொல்லலியா?"

"இல்லை மச்சான்."

அண்ணன் திரும்பித் தங்கையைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவரும் அதற்குமேல் பார்க்கவில்லை. தனக்கும் அதில் பாதி உண்டு என்று தெரிந்த ஆள் எவ்வளவு நேரம் பார்க்க முடியும்?

"அப்ப எனக்காக நீ வரலை."

"இல்லை."

"நான் ஓடுன்னு கத்தாம இருந்திருந்தா நீ வெளிய அங்கயே நின்னிருப்ப."

கண்டக்டர் கை இரண்டையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். 

அண்ணன் தலையை ஆட்டினார். யாரோ ஒரு முகவரி சொல்லி, அது புரிந்துவிட்டது என்பதுபோல் ஆட்டினார். பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனார். ஏணி கிறீச்சிட்டது.

"அண்ணே!" சின்னவள் ஓடினாள். "மழை வருது. எறங்கு. நாளைக்குப் பாத்துக்கலாம்."

மேலேயிருந்து கழற்றின ஓடு ஒன்று வாசலில் விழுந்து சிதறியது. பின்னால் இன்னொன்று. கையில் வாங்க ஆள் இருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை. அவள் பின்னால் நகர்ந்து நின்று அண்ணாந்து பார்த்தாள்.

அண்ணன் சுவர் ஓரமாக இல்லை. கூரையின் நடுவில், முகட்டருகே உட்கார்ந்திருந்தார். கூரைக்காரன் வீட்டில் பிறந்தவளுக்கு அதன் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"அங்க ஏன் போன? ஓரமா வா! அண்ணே, உன்னத்தான்!"

"நீ அவனக் கூட்டிக்கிட்டுப் போ," என்றார் அண்ணன். கோபமே இல்லாத குரல். "இந்த ரூம மட்டும் பிரிச்சு முடிச்சுட்டு வர்றேன்."

"நீயும் வா. அண்ணி கேப்பா."

"போன்னு சொல்றேன்ல."

பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்தது. வேனின் பின்பக்கத்துக்குப் பாதி வரைதான் மூடி. கண்டக்டரின் முகம் வெளியே இருந்தது. மழைத்துளி கண்ணில் விழ, அவன் துடைக்காமல் கிடந்தான்.

"ஏம்மா, ஆளு நனையுறாரு," என்றார் வேன்காரர். "நிக்கிறதா, போறதா? சீக்கிரம் சொல்லுங்க."

சின்னவள் கூரையைப் பார்த்தாள். வேனைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஆமாம் போட்டுப் பழகினவளுக்கு ஒரு பக்கம் போகத் தெரியவில்லை. வீட்டுக்குள்ளே திரும்பவும் கொண்டுபோய்ப் படுக்க வைக்க முடியாது. அந்த அறையின் கூரைமேல்தான் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார்.

வேனில் ஏறி உட்கார்ந்து கண்டக்டரின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "போங்க."

வேன் தெருவில் திரும்பியது. ஓடு உடைகிற சத்தம் கொஞ்ச தூரம் வரை கூடவே வந்தது. அப்புறம் மழையில் அதுவும் கேட்கவில்லை. நின்றுவிட்டதா, எட்டவில்லையா என்று சொல்ல முடியவில்லை.

"எதுக்குங்க சொன்னீங்க?" என்று கேட்டாள். திட்டுகிற தெம்பு இல்லை.

"தூக்கிட்டுப் போறாரு, சிரிச்சுக்கிட்டே போறாரு. அந்தக் கையில எப்படிடி படுத்துக்கிட்டு இருக்கிறது?"

முன்னாலிருந்து வேன்காரர் கத்தினார். "அங்க எறக்கி வைக்க ஆளு இருக்காம்மா? எனக்கு முதுகு சரியில்லை, இப்பவே சொல்லிட்டேன்!"

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. அண்ணி.

"எங்க வந்துட்டிருக்கீங்க? நான் குடையோட வாசல்ல நிக்கிறேன்."

"வந்துட்டே இருக்கோம் அண்ணி."

"உங்கண்ணன்கிட்ட குடு. எத்தனை தடவை அடிக்கிறது? போன எடுக்கவே மாட்டேங்கிறாரு."

சின்னவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். கண்டக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தலைக்குப் பக்கத்தில் மெத்தைமேல் போனை வைத்தாள்.

"ஹலோ," என்றாள் அண்ணி. "என்னங்க? ஹலோ, பேசுங்க. என்னங்க?"